பீடிங் சுத்தம்: மோட்டாரைத் தொடாமலே கண்ணாடி ஏறிவிட்டது

வேனின் இடது கதவுக் கண்ணாடி இப்போது சுவிட்சை அழுத்தினால் முனகாமல் மேலே போய் உட்காருகிறது. இத்தனை நாளாகப் பாதியில் நின்றுவிடும், கையால் தூக்கிவிட வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "மோட்டார் போயிடுச்சு, மாத்திடு" என்றார்கள். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியின் ஓரம் ஓடுகிற ரப்பர் காடியான ரன் சேனலுக்குள் மண்ணும், யாரோ எப்போதோ அப்பிய கிரீஸும் சேர்ந்து இறுகிக் கிடந்தன, அவ்வளவுதான். ஆட்டோ-அப் (சுவிட்சை ஒரு தடவை தட்டினால் கண்ணாடி தானாக முழுக்க ஏறும் வசதி) இருக்கும் வண்டியில் இதே உராய்வு வந்தால் கண்ணாடி பாதி ஏறித் தானாகவே திரும்பி இறங்கும். நடுவில் விரல் சிக்கியிருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். அப்போதும் பழி மோட்டார் மேல்தான்.

கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையான பீடிங்கில் பெரிய கதை இல்லை. ஷாம்பு தண்ணீர், மெத்தென்ற பிரஷ், துணி. துணியில் கறுப்பு வந்துகொண்டேதான் இருக்கும். அது அழுக்கு மட்டுமல்ல, வெயிலில் மக்கிப்போன ரப்பரின் மேல்தோலும் சேர்ந்து வருகிறது. கறுப்பு லேசான கோடாகக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். துணி வெள்ளையாக வரும்வரை தேய்ப்பேன் என்று நின்றால் நல்ல ரப்பரும் போய்விடும்.

ரன் சேனல்தான் உயிரை வாங்கியது. அதன் உள்சுவரில் வெல்வெட் மாதிரி குட்டி இழைகள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழுக்கி ஓடுவது அந்த இழைகளின் மேல்தான். அது தேய்ந்து வெறும் ரப்பர் தெரிந்தால் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும், கீச்சென்று கத்தும். அதனால் ஸ்க்ரூடிரைவர், கத்தி எதையும் உள்ளே விடக் கூடாது. மண்ணோடு இழையும் சுரண்டிக்கொண்டு வந்துவிடும்.

முதலில் கண்ணாடியை முழுக்க இறக்கி, வேக்குவம் வைத்து உலர்ந்த மண்ணை இழுத்தேன். ஈரம் பட்டால் அது சேறாகி இழைக்குள் இறங்கிவிடும், அதனால் இந்த வரிசை முக்கியம். அப்புறம் பழைய பிளாஸ்டிக் கார்டைச் சேனல் அகலத்துக்கு வெட்டி, பஞ்சு உதிராத துணியைச் சுற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்ததில் நனைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் வந்த அழுக்கு திரும்பப் போய் ஒட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது இடம். மேல் மூலையில் சேனல் திரும்பும் இடத்துக்குக் கார்டு வளையாது. அங்கே முடி குட்டையாக வெட்டிய டூத்பிரஷ்.

கதவுக்குள் இறங்கிப் போகும் கீழ்ப்பகுதி கண்ணுக்கே தெரியாது. ஆனால் கிரீஸ் கட்டி முழுக்க அங்கேதான் இருந்தது. கதவின் உள்பக்க அட்டையான டிரிம்மைக் கழற்ற மனசில்லை, அதன் கிளிப்புகள் எல்லாம் வயதானவை. அகலமான கேபிள் டை ஒன்றின் நுனியில் துணியை மடித்து டேப் சுற்றி உள்ளே விட்டேன். வெளியே வந்த துணியில் சாம்பல் நிறக் களிம்பு, மணல் நறநறவென்று. இதற்காகத் தனி டூல் வாங்கத் தேவையே இல்லை.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் வேண்டவே வேண்டாம். இந்தக் காலத்து பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் உப்பிவிடும். கிரீஸும் அதே சாதிதான். பழைய வண்டிகளில் வரும் இயற்கை ரப்பர் பீடிங் வேறு ரகம். வளைவில் இழுபட்டு நிற்கும் இடத்தில் ஓசோன் பட்டுக் குறுக்கே வெடிக்கும். அந்த வெடிப்பை எந்தப் பாலிஷும் மூடாது, புதுசுதான் போட வேண்டும்.

சேனல் காய்ந்ததும் எண்ணெய்ப் பசை இல்லாத சிலிகான் ஸ்பிரே, குழாய் மாட்டி உள்ளே மட்டும். கண்ணாடியைச் சில தடவை ஏற்றி இறக்கி, அதில் படிந்த கோட்டைத் துடைத்தால் முடிந்தது. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை இருந்தால் அதை முடித்துவிட்டு இதைச் செய்யுங்கள். சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

கதவு பீடிங்கில் பூட்டுப் பக்கம் தட்டையாகிவிட்டது. பேப்பரை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் தடையே இல்லாமல் வருகிறது. ஹேர் டிரையர் சூட்டில் கொஞ்சம் எழுந்தது, முழுசாக எழவில்லை. உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கும் ரகம் என்பதால் மெல்லிய ஃபோம் கயிற்றை நுழைத்துப் பார்க்கப் போகிறேன். மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங்கும் பார்த்தேன். கடைக்காரர் எதைக் காட்டினாலும் "இதுதான் சார் எல்லா வண்டிக்கும்" என்கிறார். பழைய பீடிங்கில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய் வெட்டுமுகத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். உயரம் கொஞ்சம் கூடினாலும் கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கும்.

வலது கதவு சேனல் இன்னும் பாக்கி. அதற்குள் மனசு பின்னால் இருக்கும் திறக்காத கண்ணாடிக்குத் தாவிவிட்டது. புது ரப்பர் ஏற்கெனவே வந்துவிட்டது. ரப்பரின் காடியில் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்கும் வேலை அது. அழுத்துவதற்கு ஆள் பிடிக்க வேண்டும்.