தகட்டில் ஒளிக்கம்பி: ஒட்டுவதை விடத் தைப்பதே மேல்

நாகூர் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பல் வடிவ ரதங்களையும், வைகாசியில் திருஞானசம்பந்தர் குருபூசையை ஒட்டித் தஞ்சாவூர் வீதிகளில் வலம்வரும் முத்துப்பல்லக்குகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வண்டியை ஒளியால் அலங்கரிப்பது புதிய கலை அன்று. குண்டு பல்பு, சீரியல் செட், எல்இடி பட்டை என்று மாறிவந்த அந்தக் கலைக்குள் இப்போது இஎல் வயர் எனப்படும் ஒளிக்கம்பியும் வந்திருக்கிறது. புள்ளி புள்ளியாக இல்லாமல் ஒரே கோடாக, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே சீராக ஒளிர்வது இதன் அழகு. குட்டி யானை வண்டியின் மேல் நிறுத்தும் தகட்டு மயிலுக்கோ கப்பலுக்கோ உருவக்கோடு வரைய இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் இதை உலோகத்தின் மேல் நிலையாக நிறுத்துவதில்தான் பெரும்பாலான அலங்காரப் பட்டறைகள் தடுமாறுகின்றன. என் கருத்து உறுதியானது: இந்தக் கம்பியைத் தகட்டில் ஒட்டக் கூடாது, தைக்க வேண்டும்.

கம்பியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் பாதி விளங்கிவிடும். நடுவில் ஒரு செப்புக் கம்பி; அதன் மேல், சிறிதளவு செம்பு சேர்த்த துத்தநாக சல்பைடு என்னும் ஒளிர்பொருளின் பூச்சு; பூச்சைச் சுற்றி முடி அளவே உள்ள இரண்டு மெல்லிய கம்பிகள்; எல்லாவற்றுக்கும் மேலே ஒளி ஊடுருவும் பிவிசி உறை. நடுக்கம்பிக்கும் மெல்லிய கம்பிகளுக்கும் இடையே மாறுமின்னழுத்தம் கொடுக்கும்போது இடையிலுள்ள பூச்சு ஒளிர்கிறது. துத்தநாக சல்பைடின் இந்தக் குணத்தை 1936இல் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டின் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ. வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்து, ஏறத்தாழ 100 வோல்ட் அழுத்தமும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவெண்ணும் கொண்ட மின்சாரமாக மாற்றித் தர, இதற்கென்றே ஒரு சிறிய இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்பி சூடாவதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் அந்தப் பூச்சு மடிப்பையும் தாங்காது, ஈரத்தையும் தாங்காது. ஆகவே கம்பியை நெருக்கி மடக்காமலும் உறையைக் கீறாமலும் பிடித்துவைக்கும் முறை எதுவோ அதுவே சரியான முறை.

பட்டறைகளில் முதலில் கைக்கு வருவது குளூ கன். மரத்திலும் அட்டையிலும் நன்றாகப் பிடிக்கும் சூட்டுப் பசை, இரும்பில் விழுந்த நொடியிலேயே சூட்டை இழந்து, தகட்டோடு பொருந்துவதற்கு முன்பே இறுகிவிடுகிறது. ஒட்டியதைப் போலத் தோன்றும் அந்தப் பசை, கை வைக்க முடியாத அளவுக்குத் தகடு காயும் வைகாசி வெயிலில் மறுபடி இளகிக் கம்பியைக் கைவிட்டுவிடும். இருபக்க டேப்பின் தோல்விக்குக் காரணம் வேறு. உறை வளைந்துகொடுப்பதற்காகப் பிவிசியில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல வெளியே கசிந்து டேப்பின் பசையைக் கொழகொழப்பாக்குகிறது. அது மட்டுமன்றி, உருண்டையான கம்பி தட்டையான பரப்பை ஒரு மெல்லிய கோட்டளவுக்குத்தான் தொடுகிறது என்பதால் பிடிப்புக்கே இடம் இல்லை. நொடியில் ஒட்டும் பசைகள் கண்ணாடித்தன்மையோடு இறுகி அதிர்வில் விரிசல் விடுகின்றன. ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் உறையையே உப்பச் செய்யும். வினிகர் வாசம் வரும் சிலிக்கான், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதால் ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சையும் செப்புக் கம்பியையும் அரிக்கிறது. நான் கையில் வைத்திருப்பது அந்த வாசம் இல்லாத நியூட்ரல் சிலிக்கான் மட்டும்தான். அதுவும் துணைக்கே தவிர, பிடிமானத்துக்கு அன்று.

இத்துடன் அதிர்வும் சேர்கிறது. ஊர்வல வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தானே போகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே வண்டியில் ஏற்றியிருக்கும் டீசல் ஜெனரேட்டர், மாலையிலிருந்து விடியும்வரை தகடு முழுவதையும் நடுங்க வைத்துக்கொண்டே இருக்கிறது. சாலையின் பள்ளங்களை விட அதுதான் ஒட்டுக்குப் பெரிய பகை. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 1990 முதல் நடந்துவரும் பர்னிங் மேன் விழாவின் கலை வண்டிகளிலும் இந்தக் கம்பியைக் காணலாம். ஆனால் அங்கே தொல்லை தருவது உலர்ந்த காரத் தூசி, இங்கே நமக்கு உப்புக்காற்று. கந்தூரி பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்திலேயே வருகிறது. ஆகவே அவர்களுடைய முறைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தைப்பதற்கு நான் பயன்படுத்துவது தூண்டிலுக்கு வாங்கும் தங்கூசி நரம்பு. நாகை கடைத்தெருவில் எந்த அளவிலும் கிடைக்கிறது. உருவக்கோட்டின் இருபுறமும் கம்பியின் பருமனுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு, 1.5 மில்லிமீட்டர் துளைகளை இணை இணையாகப் போட வேண்டும்; நேர்க்கோட்டில் 5 சென்டிமீட்டருக்கு ஓர் இணை, வளைவில் 2 சென்டிமீட்டருக்கு ஓர் இணை போதும். துளையிட்டதும் விளிம்பில் கத்தியைப் போல ஒரு பிசிறு நிற்கும். பெரிய ட்ரில் பிட் ஒன்றைக் கையில் பிடித்து ஒவ்வொரு துளையிலும் முன்னும் பின்னும் ஒரு சுற்றுச் சுற்றி அதை எடுத்துவிட வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டால் தங்கூசி ஓர் இரவு கூடத் தாங்காது. எங்களுக்குத் தகடு வெட்டித் தரும் அண்ணன் முதலில் இதற்கு ஒப்பவில்லை. "தம்பி, இத்தனை ஓட்டை போட்டா உப்புக்காத்துல துரு ஏறி ஒரே வருசத்துல சல்லடையாப் போயிடுமே" என்றார். "ஓட்டைக்கு ஓட்டை பிரைமர் வச்சிடுறேண்ணே" என்று சொன்ன பிறகுதான் ட்ரில்லைக் கொடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு துளையின் உள்விளிம்பிலும் பிரைமர் தொட்டுவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனாலும் அதைத் தவிர்க்கவே கூடாது.

தங்கூசியை முன்பக்கம் கம்பிக்கு மேலாகக் கொண்டுவந்து, பின்பக்கம் இரட்டைச் சுற்று முடிச்சாகப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நியூட்ரல் சிலிக்கான் வைக்கிறேன். அது இல்லாவிட்டால் வழுவழுப்பான நரம்பு அதிர்வில் தானாக அவிழும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. முடிச்சுப் போட்ட பிறகு கம்பியை விரலால் தள்ளினால் வளையத்துக்குள் கொஞ்சம் தடங்கலோடு நகர வேண்டும். நகராவிட்டால் நரம்பு உறைக்குள் பதிந்திருக்கிறது என்று பொருள். அந்த இடம் பின்னாளில் கீறலாகி ஈரத்துக்கு வாசலாகும். மயிலின் கழுத்து போன்ற பெரிய வளைவுகள் சிரமம் தருவதில்லை. அலகின் கூர்நுனியில்தான் கவனம் தேவை. அங்கே கம்பியை மடக்காமல், ரப்பர் வளையம் பொருத்திய ஒரு துளை வழியாகத் தகட்டின் பின்புறம் கொண்டுபோய், அங்கே அகலமாகத் திருப்பி, நுனிக்கு அடுத்த துளையில் முன்னே கொண்டுவர வேண்டும். பின்னால் போகும் பகுதிக்குக் கறுப்பு ஸ்லீவ் போட்டுவிட்டால் ஒளி கசியாது. முன்னால் நிற்பவர் கண்ணுக்குக் கூர்மையான அலகு மட்டுமே தெரியும்.

குழாய்ச் சட்டங்களில் துளைக்கு வேலையே இல்லை, தங்கூசியைக் குழாயோடு சேர்த்தே சுற்றிக் கட்டலாம். வாடகை வண்டியின் கதவிலும் பக்கப் பலகையிலும் துளையிட முடியாது என்பதால் அங்கே மட்டும் காந்தம். நியோடிமியம் காந்தம் நேராக இழுத்தால் விடாது, ஆனால் பக்கவாட்டில் எளிதாகச் சறுக்கும். ஆகவே காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே சைக்கிள் ட்யூபில் வெட்டிய மெல்லிய ரப்பர் துண்டு ஒன்று வேண்டும். அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது என்பதை வண்டியைப் பேசி முடிக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. கோயில்களின் பித்தளை, வெள்ளித் தகடு வேய்ந்த வாகனங்களைப் பொறுத்தவரை துளையும் கூடாது, பசையும் கூடாது. யார் கேட்டாலும் அவற்றுக்கு வெளியே தனிச் சட்டம் நிறுத்தி, அதில்தான் கம்பி கட்டுவேன்.

மின் பாதுகாப்பு எல்லா வண்டிக்கும் முக்கியம் என்றாலும், உலோகத்தில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். உறை தேய்ந்து உள்ளிருக்கும் கம்பி தகட்டைத் தொட்டால் அந்த வரி அணைந்துபோகலாம், வண்டியைத் தொடுபவருக்குச் சுருக்கென்று அடிக்கவும் கூடும். வெட்டிய முனையில் நடுக்கம்பியும் மெல்லிய கம்பிகளும் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்து, சிலிக்கான் வைத்து, அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்கி மூட வேண்டும். பேட்டரிப் பக்கம் ஒரு ஃபியூஸ் அவசியம். இன்வெர்ட்டரைக் கம்பியின் நீளத்துக்கு ஏற்றதாக வாங்கி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும்; கம்பி இணைக்காமல் அதை இயக்கக் கூடாது.

தகட்டுக்கு நான் அடிப்பது பளபளப்பில்லாத கறுப்பு. இஎல் வயரின் ஒளி மென்மையானது, பக்கத்தில் ஃபோகஸ் விளக்கு எரிந்தால் இருப்பதே தெரியாது. கறுப்புப் பின்னணியில்தான் கோடு துல்லியமாக எழும். தோகைக் கண்களுக்கு மட்டும் மெருகிட்ட பித்தளைத் துண்டுகளை வைத்தால், கம்பியின் கோடு உலோகத்தில் பிரதிபலித்து இரண்டு கோடுகளாகத் தெரிவது மிக அழகாக இருக்கும். நிறங்களில் நீலப்பச்சை ஒளிர்பொருளின் இயல்பான நிறம் என்பதால் அதுவே அதிகப் பிரகாசம். சிவப்பு, உறையில் சேர்க்கும் சாயத்தால் வருவது, மங்கலாகவே இருக்கும்.

விழா முடிந்ததும் தைத்ததன் பலன் கைமேல் தெரியும். பின்பக்க முடிச்சுகளைப் பிளேடால் அறுத்துவிட்டால் கம்பி முழுதாகக் கையோடு வந்துவிடும்; உறையில் பசையும் இருக்காது, கீறலும் இருக்காது. உப்பு போக ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த வண்டிக்கு அதே கம்பியை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.