பெரியப்பா குடும்பம் மேடைக்கு வரவும்

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஆடி கழிய இன்னும் சில நாட்கள்தான். மண்டபங்கள் ஓய்ந்து கிடக்கின்றன. கல்யாணப் படம் எடுக்கும் எங்களுக்கு இது துடைத்துத் துப்புரவாக்கும் மாதம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவளுக்குக் காற்றுக்குக் குறைவில்லை, கவலைக்கும் குறைவில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸின் உள்ளே வெள்ளை நூலாகப் பூஞ்சணம் படரும். அதைத் திருத்தக் கேட்கும் காசைக் கொண்டு பாதி லென்ஸ் வாங்கிவிடலாம். ஆகவே எல்லாம் காற்றுப் புகாத பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். அதற்கென்றே அம்மா ஒரு பழைய தாச்சியைத் தந்திருக்கிறார், இனி அதில் சமைக்கக் கூடாது என்ற கண்டிப்போடு.

மத்தியானம் ஒரு அழைப்பு.

"படம் எடுக்கிற அண்ணாவோடு கதைக்கலாமா?"

"நான்தான் எடுப்பது."

மறுமுனையில் மூச்சுக் காணோம். "அப்படியென்றால் வீடியோ?"

"அதற்கு ஒரு அண்ணா வருவார்."

"ஆ, நல்லது, நல்லது."

முன்பு கோபம் வரும். இப்போது அந்த அண்ணாவின் பெயரை உடனே சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டாரின் இரத்த அழுத்தம் குறைகிறது.

மாலையில் லயனல் வென்ட் அரங்கில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். கூடப் படித்த ஒருவன் அங்கே நின்றான். "இன்னும் கல்யாணந்தானா?" என்று கேட்டான், இன்னும் காய்ச்சல்தானா என்று கேட்கும் குரலில். சுவரில் இருந்த படங்கள் அழகானவைதாம், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் படங்களில் மனிதர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த வசதியை விட்டு நான் எங்கே போவது?

2025 ஓகஸ்ட் 14, வியாழன்

29ஆம் திகதிக் கல்யாண வீட்டாரைப் பார்த்து வந்தேன். பம்பலப்பிட்டியில் அடுக்குமாடி வீடு. மணமகள் வங்கியில் வேலை செய்கிறாள்; மாப்பிள்ளை டொரோண்டோவிலிருந்து அடுத்த கிழமை வருகிறார். மணமகளின் சித்தப்பா மகன் ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருந்தான்: சுதந்திர சதுக்கத்தில் படப்பிடிப்பு, காலி முகத்திடலில் சூரியன் மறையும்போது ஓட்டம், ட்ரோன், மெதுவாகத் திரும்பிப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். ட்ரோனுக்கு மட்டும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்றேன். அது பட்டியலிலிருந்து தானாகக் கழன்றது.

மூலையில் இருந்த அம்மம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: "எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுப்பாயா, பிள்ளை?"

வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு கடித உறையோடு வந்தார்.

உள்ளே தடித்த மட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். 1968இல் அவருடைய கல்யாணம். கீழ் மூலையைக் கறையான் தின்றதில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி படம் எடுத்த நொடியில் தலையைத் திருப்பியிருக்கிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. கூறைச்சேலையின் கரைக்கட்டு மட்டும் நேற்றுத்தான் நெய்தது மாதிரித் துல்லியம்.

அவர்களின் அல்பம் 1983 ஜூலைக் கலவரத்தில் தெஹிவளை வீட்டோடு எரிந்துவிட்டது. உடுத்த உடுப்போடு இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. இந்தப் பிரதி அவருடைய மச்சாளிடம் அளவெட்டியில் இருந்தது. 1995 இடப்பெயர்வில் அந்த மச்சாள் நகையைத் தேடி எடுத்தாரோ இல்லையோ, காணி உறுதிகளுக்கு நடுவில் இதையும் செருகிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அம்மம்மா விரலைப் படத்தில் படாமல் அரை அங்குலம் மேலே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார். இவர் அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக இருந்தவர். இவளுக்குப் பிறகு மலேசியாவில் கல்யாணம். இவர் மாமா, படம் எடுக்கும்போது வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்தார், கன்னத்தைப் பார். இந்தப் பெடியன் இப்போது இல்லை. இவனும் இல்லை. இவள் பாரிஸில், போன மாதமும் கதைத்தாள்.

"நடுவில் நீங்கள் எவ்வளவு வடிவு, அம்மம்மா" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னதுதான்.

"என்னை நான் கண்ணாடியில் பார்க்கிறேன்தானே. அதற்கா இதை வைத்திருக்கிறேன்?"

2025 ஓகஸ்ட் 15, வெள்ளி

அம்மம்மாவின் கேள்வி காதை விட்டுப் போகவில்லை. எங்கள் தொழிலில் மேடைப் படம் என்றால் யாருக்கும் இளக்காரம். தாலி கட்டியானதும் பெரியவர் கமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார். வரிசையில் வருகிறவர்களை உதவியாளர் ஒரே இடத்தில் நின்று சுட்டுத் தள்ளுவார். முகநூலில் போடுகிற படங்களில் அவை ஒருபோதும் இருப்பதில்லை. நானும் அப்படி ஒருவரிடம்தான் தொழில் பழகினேன், அந்த உதவியாளராக. அவர் சாப்பிட்டு வருவதற்குள் எனக்கு அந்த வீட்டின் முறை உறவெல்லாம் பாடமாகிவிடும். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறார்கள், யார் விலகுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பொழுது. இன்றைக்கும் எனக்குக் கல்யாணத்தில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். நாலு பேருக்கு முன்னால் சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை சொல்லாமல் இருந்தேன்.

2025 ஓகஸ்ட் 20, புதன்

பொன்னுருக்கல், தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் இதற்கென்று வாடகைக்கு எடுத்த வெள்ளவத்தை வீட்டில். ஆசாரியார் செட்டியார் தெருவிலிருந்து ஓட்டோவில் வந்தார், மடியில் உமியும் கரியும். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் வியர்வை ஆறாக ஓடியது. நாணயம் சிவந்து, விளிம்பு தளர்ந்து, திடீரென்று ஒரு துளியாகத் திரண்டு உருளும் அந்தக் கணம் கண்ணிமைக்கும் நேரந்தான். ஃபிளாஷ் அடித்தால் தணலின் நிறம் செத்துப்போகும். அடிக்கவில்லை. உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபையோருக்குக் காட்டியபோது ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு எடை பார்ப்பவர் மாதிரி உற்றுப் பார்த்தார். அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது.

2025 ஓகஸ்ட் 29, வெள்ளி

விடியப்புறம் நாலு மணிக்கே மணமகள் அறையில் நின்றேன். பெண்ணாக இருப்பதன் பலன் இங்கேதான். அண்ணாமார் கதவுக்கு வெளியே காத்திருக்கும்போது நான் உள்ளே கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கலாம். கூறைக்கு மடிப்புப் பிடிக்கும் மாமி வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டே எல்லோரையும் ஏசுவதும், மணமகள் பசிக்கிறது என்று திருட்டுத்தனமாக ஒரு மாரி பிஸ்கட் தின்றதும் அண்ணாமாருக்குக் கிடைக்காத படங்கள்.

மண்டபத்தில் எல்.ஈ.டி. விளக்குகள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மலிவான விளக்கென்றால் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கண் அதை அறியாது, கமரா அறியும். ஷட்டரை வேகமாக வைத்தால் மணவறைக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். நூறில் ஒரு விநாடியில் நிறுத்திவிட்டுக் கையை அசையாமல் பிடித்தேன். கெட்டிமேளம் முழங்கியதும் சபை எழுந்தது. அட்சதையோடு கைபேசிகளும் உயர்ந்தன. தோழி விளக்கைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தாள், மாப்பிள்ளையின் விரல்கள் பின்கழுத்தில் முடிச்சைத் தேடின, கிடைத்துவிட்டது. லென்ஸ் மூடிக்குள் இரண்டு அரிசி. மணமகளின் அப்பா மட்டும் தாலியைப் பார்க்கவில்லை. கூரையில் ஏதோ பழுது பார்ப்பவர் மாதிரி அண்ணாந்து நின்றார்.

பிறகு மேடை.

என் முறை இது. பந்திக்கு ஆள் எழும்பும் முன் முதியவர்களை எடுத்துவிட வேண்டும். சாப்பிட்டவர் வாகனத்தைத் தேடுவார், திரும்பி வரமாட்டார். எல்லாக் கல்யாணத்திலும் குரலோங்கிய பெரியம்மா ஒருவர் இருப்பார். அவரைக் காலையிலேயே கண்டுபிடித்து, பட்டியலைக் கையில் கொடுத்து, அழைக்கும் பொறுப்பை ஒப்படைத்துவிடுவேன். ஒலிவாங்கி வேண்டியதில்லை. "பெரியப்பா குடும்பம் மேடைக்கு வரவும்!" என்று இன்றைய பெரியம்மா போட்ட சத்தத்தில் தவில்காரர் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வரிசை என்றால் எஃப் 8க்குக் குறையாமல் வைத்தால்தான் பின்வரிசை முகமும் தெளியும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் நாடியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பிள்ளைகள் நிலத்தில். "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, மூன்று சொல்வதற்கு முன் ஒன்று, எல்லோரும் மூச்சை விட்ட பிறகு ஒன்று. இரண்டாவதுதான் பெரும்பாலும் அல்பத்துக்குப் போகும்.

அம்மம்மாவின் இரண்டு ஆண்பிள்ளைகள் காணிப் பிரச்சினையில் முகம் முறித்தவர்களாம். பெரியம்மா காதோடு சொல்லிவைத்தார். மூத்தவர் மேடைக்கு வந்தார்; இளையவர் தூணோடு நின்றார். அருகருகே நிற்கச் சொன்னால் இரண்டு பேருமே இறங்கிவிடுவார்கள். மணமகளின் அம்மாவை, அதாவது அவர்களின் அக்காவை, நடுவில் நிறுத்தினேன். மூத்தவரை இடப்பக்கக் கடைசியில் விட்டேன். பிறகு இளையவரிடம் போய், "மாமா, வலப்பக்கம் ஒரு ஆள் குறைகிறது, படம் சரிந்து தெரிகிறது" என்றேன். தொழில்நுட்பக் காரணம் என்றால் ஆண்கள் மறுப்பதில்லை. வந்து நின்றார். அம்மம்மா நாற்காலியில் இருந்தபடி திரும்பி இரண்டு ஓரத்தையும் பார்த்தார், பிறகு எனக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. 1968லும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க எனக்குள் ஒரு குதூகலம். கால் வலி தெரியவில்லை. இந்த வீட்டுப் பெண் என்று நினைத்து யாரோ ஒரு ஐயா எனக்கும் ஒரு கடித உறையை நீட்டினார்.

2025 ஓகஸ்ட் 30, சனி

கால் வலி தெரிகிறது. கமராவின் இரண்டு நினைவக அட்டையிலும் படங்கள் பத்திரம். இரண்டு வன்தட்டுக்கு ஏற்றி, ஒன்றை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரே கூரையின் கீழே இரண்டையும் வைப்பதில்லை. வேறு வேலை இல்லை. பருப்பும் சோறும் தூக்கமும்.

2025 செப்டெம்பர் 6, சனி

தெஹிவளையில் முஸ்லிம் கல்யாணம், பெண்கள் பகுதி. வாசலில் கைபேசிகளை வாங்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஒரே கமரா என்னுடையது. கமராவுக்கு முன்னால் வேறு ஒரு கையும் நீளாத கல்யாணம் இந்தக் காலத்தில் வேறெங்கே கிடைக்கும்? மணமகளின் சாச்சிமார் சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து, வட்டிலாப்பம் வரும்வரை ஊர்க்கதை பேசினார்கள். நான் இருப்பதையே மறந்துபோனார்கள்.

இந்தப் படங்களை எங்கும் போட முடியாது, போடவும் கூடாது. அவர்களின் வன்தட்டுக்கு ஏற்றிவிட்டு, மணமகளின் உம்மாவுக்கு முன்னாலேயே என் நினைவக அட்டையிலிருந்து அழித்துவிடுவேன். என் நல்ல படங்களில் பல இப்படி யார் யாருடையதோ அலுமாரிகளில் இருக்கின்றன. வென்ட் அரங்கு நண்பனிடம் காட்ட ஒன்றுமில்லை. அதில் எனக்கு ஒரு இரகசியத் திமிரும் உண்டு.

புறப்படும்போது உம்மம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "எல்லோரும் ஒன்றாக இருக்கிற ஒன்று எடுத்தீர்களா, மகள்?" முதலில் எடுத்ததே அதுதான் என்றேன்.

2025 செப்டெம்பர் 16, செவ்வாய்

அல்பம் பக்கம் பிரித்தாயிற்று. கடைசித் தாளில் ஒரு புது வேலை செய்திருக்கிறேன். பெரிய குடும்பப் படத்தின் கோட்டு வரைபடம், தலைக்குத் தலை இலக்கம், கீழே பெயரும் முறையும் ஊரும். பத்திரிகைகளில் பாடசாலை அணிப் படங்களுக்குப் போடுவார்களே, அந்த வழக்கம். கல்யாணத்துக்கு யாரும் கேட்பதில்லை. இனி என் அல்பம் எல்லாவற்றிலும் இது இருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பிரதி மூன்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன்: கொழும்புக்கு, டொரோண்டோவுக்கு, அளவெட்டி மச்சாள் வீட்டுக்கு. மூன்றாவதுக்குக் காசு அம்மம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து தருகிறாராம்.

பெயர்களை நிரப்ப இரண்டு மாலை தொலைபேசியில் போனது. அம்மம்மா ஒரு பக்கம், மாப்பிள்ளையின் அத்தை மறுபக்கம். எல்லாம் பொருந்தியது, 37ஆம் இலக்கத்தைத் தவிர. பின்வரிசை, நீலச் சட்டை, நெற்றியில் திருநீறு, நல்ல விசாலமான சிரிப்பு. பெண் வீட்டார் மாப்பிள்ளைப் பகுதி என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பகுதி என்கிறார்கள். பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்தவர் என்பது சித்தப்பா மகனின் துப்பு. கணினியில் அழித்துவிடலாமே என்றும் சொன்னான். அழிக்கலாம், அரைமணி வேலை. நான் அம்மம்மாவிடம் கேட்டேன்.

"சாப்பிட்டுத்தானே போயிருப்பார்?"

"பந்திப் படத்தில் இருக்கிறார், அம்மம்மா. இரண்டாம் தடவை பாயசம் வாங்குகிறார்."

"பிறகென்ன. விருந்தாளி என்று போடு."

37, விருந்தாளி. நாளை காலை அச்சகத்துக்குப் போகிறது.