காலிக் கட்டம்

"இவனுக்கு எத்தனை ஸ்டார்னு தெரியாம இந்த வீடியோவைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

எங்கள் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர்களுக்கு, அதாவது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு, கோச்சாக இருப்பவர் கேட்டது இவ்வளவுதான். பள்ளிப் பையன்கள் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடும் டிசம்பர் கையெழுத்துக்கு நாலு நாள் இருந்தது. ஸ்காலர்ஷிப் ஒன்றே ஒன்று பாக்கி. இரண்டு பையன்கள். ஒருவன் நாலு ஸ்டார்; பள்ளி ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் இணையதளங்கள் ஐந்துக்குப் போடும் மதிப்பு அது. இன்னொருவனை எந்தத் தளமும் மதிப்பிடவே இல்லை. நான் அந்த அணிக்கு டேட்டா பார்ப்பவன், ஒருநாளும் ஹெல்மெட் மாட்டியவன் இல்லை. "நம்பரைத் தாண்டிப் பேச எனக்குத் தகுதி கிடையாது கோச்" என்றேன். அடக்கமான பதில் என்றுதான் அப்போது தோன்றியது.

என் கணக்கு கொடுத்த அந்த நம்பர் எப்படி வந்தது என்பதை நான் சொல்லவில்லை. ஸ்டார் இல்லாத பையன் ஓட்டத்தையும் வேகத்தையும் அளக்கும் எந்த முகாமுக்கும் போனதில்லை. முகாமுக்குப் போக வரக் காசு வேண்டும், கோடையில் அவனுக்கு வீட்டுப் பண்ணையில் வேலை. அதனால் நாற்பது கஜ ஓட்ட நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. மதிப்பீடு இல்லாத மற்ற பையன்களின் சராசரியை எடுத்து அதில் போட்டேன். எங்கள் துறையில் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் அவனைச் சராசரி ஆக்கியது என் விரல்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கல்லூரி ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்தால் தளங்கள் அந்தப் பையனை மறுபடி பார்க்கும், பல நேரம் ஸ்டார் ஏறும். ஸ்டார் ஏறினால் மற்ற கல்லூரிகளும் போன் அடிக்கும். என் கணக்கிலோ ஸ்டாருக்கு ஒரு மதிப்பெண், ஆஃபருக்குத் தனியாக ஒரு மதிப்பெண்; ஒன்றையே இரண்டு முறை எண்ணிய கதை.

ரேங்கிங்கே குப்பை என்றும் சொல்ல மாட்டேன். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றில் 32 இடம் என்பதால் 247ஸ்போர்ட்ஸ் தளம் ஐந்து ஸ்டாரை ஏறக்குறைய 32 பேருக்குத்தான் தருகிறது. அவர்களில் என்எஃப்எல் போகிறவர்களின் விகிதம் மூன்று ஸ்டார் பையன்களைவிட மிக அதிகம். உடனே எல்லோரும் என்எஃப்எல்லில் பெரிய பெயர் எடுத்த ஜே.ஜே. வாட்டை இழுப்பார்கள்: இரண்டு ஸ்டார், சென்ட்ரல் மிச்சிகனில் கிடைத்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு விஸ்கான்சினில் சொந்தக் காசில் சேர்ந்தவர், 2011இல் முதல் சுற்றில் போனார். ஜோஷ் ஆலன் இரண்டு வருட ஜூனியர் காலேஜ், வயோமிங் பல்கலைக்கழகம் என்று சுற்றி வந்து 2018இல் ஏழாவதாகத் தேர்வானார். சரி, ஸ்டார் இல்லாமலே வந்து காணாமல் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன் பெயரை யாராவது சொல்லட்டும். கோச்சிடமும் இதைத்தான் சொன்னேன்.

"நான் ஆயிரம் பேரை எடுக்கலையே. ஒருத்தனைத்தானே எடுக்கிறேன்" என்றார்.

நாலு ஸ்டாரை எடுத்தோம். இரண்டாம் வருடமே, கல்லூரி மாற நினைப்பவர்கள் பதியும் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். மற்றவன் கீழ் டிவிஷன் கல்லூரி ஒன்றில் மூன்று வருடம் ஸ்டார்ட்டர், அதாவது முதல் பதினொருவரில் ஒருவன். அங்கே எதிரணிகளும் அதே தரம்தான், அதனால் இதை வைத்து என் கணக்கு தப்பென்று சொல்லிவிட முடியாது. முடியாதுதான்.

போன மாதம் அவனுடைய பழைய வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். பந்து போகிற பக்கம் அவன் முதல் அடி முன்கூட்டியே விழுகிறது. அன்றைக்கும் அப்படித்தான் விழுந்ததா, இல்லை இப்போது தெரிந்துகொண்டு பார்ப்பதால் அப்படித் தெரிகிறதா?

காலிக் கட்டத்தில் இன்றும் சராசரியைத்தான் போடுகிறேன். மஞ்சள் கலர் அடித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.