தேயிலைப் பொட்டலத்துக்கு ஒரு பிராண்ட் கையேடு: கோத்தகிரியில் செய்து பார்த்தது

கோத்தகிரியில் தேயிலைத்தூளும் நீலகிரித் தைலமும் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு பிராண்ட் கையேடு (லோகோ, நிறம், எழுத்து எங்கே எப்படி வர வேண்டும் என்ற விதிப் புத்தகம்) தயாரித்தபோது, புழக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் முதலில் ஒரே மேசையில் பரப்பினோம். 100 கிராம், 250 கிராம் பைகள், தைலப் பாட்டில் லேபிள், துணிப்பை, பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸ்அப் படம், கடைப் போர்டின் போட்டோ. பச்சை மட்டும் ஆறு விதம் இருந்தது. பெயரை நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். மூலக் கோப்பு யாரிடமும் இல்லாததால், ஒவ்வொரு அச்சகமும் முந்தைய பொட்டலத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தைப் புதிதாக வரைந்திருக்கிறது.

அதனால் கோயம்புத்தூர் பிரஸ்ஸில் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் முன்னால் உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்தே கையேட்டை எழுதினோம். 'இதமான பச்சை' என்று எழுதினால் அவருக்கு எந்த உதவியும் இல்லை. அச்சுக்கு, நான்கு மைகளின் சதவீதமாக, சயான் 80, மெஜந்தா 35, மஞ்சள் 85, கறுப்பு 40 என்று எழுதினோம். திரைக்கு சிவப்பு 34, பச்சை 85, நீலம் 51. அதையே கணினிக் குறியீடாக எழுதினால் ஹெக்ஸ் எண் 225533. பொடி எழுத்து எதற்கும் இந்தப் பச்சை கூடாது, கறுப்பு 100 மட்டுமே என்று தனியாக ஒரு வரி சேர்த்தோம். நிறத்துக்கு ஒன்றாக வரும் நான்கு அச்சு பிளேட்டில் ஒன்று ஒரு மயிரிழை விலகினாலும் பொடி எழுத்தின் ஓரத்தில் நிழல் தட்டிவிடும்.

நிறத்தில் பெரிய அடி பழுப்புக் கிராஃப்ட் காகிதப் பையில் விழுந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழகம் முழுக்கத் தடை. மலையில் கெடுபிடி அதற்கும் முந்தையது. ஆகவே காகிதமும் துணியும்தான் இங்கே வழி. அச்சு மை ஒளி ஊடுருவக்கூடியது. தாளின் பழுப்பும் சேர்ந்து பச்சை சேற்று நிறமாகிவிடுகிறது. அடியில் வெள்ளை மை போட்டால் நிறம் மீளும், ஆனால் ஒரு பிளேட் செலவு கூடும். கிராஃப்ட் பையில் லோகோ ஒற்றைக் கறுப்பில் மட்டுமே வரும் என்று விதி எழுதினோம். மங்கிய பச்சையைவிடத் தெளிவான கறுப்பு நூறு மடங்கு மேல் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அதிக நாள் பிடித்தது தமிழ் எழுத்து. பெயரில் ஒரு 'ணை' இருந்தது. தடித்த எழுத்தில், 18 மி.மீ. அகலத்தில், கிராஃப்ட் தாளில் அடித்துப் பார்த்தபோது மை பரவி 'ணை'யின் சுழிகள் அடைத்துக்கொண்டன. நடுத்தரத் தடிமனுக்கு இறங்கி, சுழிகளைக் கொஞ்சம் திறந்து வரைந்தோம். பெயருடன் கூடிய லோகோ 25 மி.மீ. அகலத்துக்குக் குறையக்கூடாது, அதற்கும் சிறிய இடத்தில் இலைச் சின்னம் மட்டும், 8 மி.மீ. வரை.

பிரஸ்களில் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. யூனிகோடில் அடித்ததை அப்படியே ஒட்டினால் கட்டங்கள் வரும், அல்லது கொம்பு இடம் மாறி நிற்கும். அவசரத்தில் அவர்களே மறுபடி அடிப்பார்கள். எழுத்துப்பிழை நுழைவது அங்கேதான். எனவே அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்து எல்லாவற்றையும் வளைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக, மாற்றிவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே ஒரு பிடிஎஃப் போக வேண்டும். எழுத்துருவாக முக்தா மலர் எடுத்தோம். தமிழும் ஆங்கிலமும் ஒரே சாயலில் இருக்கும், திறந்த உரிமம் என்பதால் அச்சகத்தாரும் செலவில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்கு வரி இடைவெளி 15 புள்ளி. ஆங்கிலத்துக்கு 13 போதும். தமிழில் 'கூ' கீழே இறங்கும், 'கீ' மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளை விலக்கிப் பரப்பவும் கூடாது. துணைக்காலும் கொம்பும் தனித்தனியே பிரிந்து, படிக்கிறவர் தடுமாறுவார்.

லோகோவைச் சுற்றி இலைச் சின்னத்தின் பாதி உயரம் காலியிடம். சாய்க்காதே, நீட்டாதே, நிழல் போடாதே. இதற்கு அரைப் பக்கம் போதும்.

சட்டம் கேட்பவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிட வேண்டும். 250 கிராம் பையின் முகப்பு 12 க்கு 20 செ.மீ., அதாவது 240 சதுர செ.மீ. 100 முதல் 500 சதுர செ.மீ. வரையான முகப்பில் சைவக் குறியின் பச்சை வட்டம் குறைந்தது 4 மி.மீ. விட்டம், சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் அதைப்போல் இரு மடங்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணின் 14 இலக்கங்கள், நிகர எடை, விலை, தயாரித்த மாதமும் வருடமும் எல்லாம் பின்னால் திணிக்கப்பட்டதாகத் தெரியக்கூடாது. டீ போர்டின் நீலகிரி முத்திரையை அனுமதி பெற்றவர் மட்டுமே போடலாம். பெற்றவரும் தன் பிராண்ட் பச்சைக்கு அதை மாற்றக்கூடாது.

கடைப் போர்டில் தமிழ் மேலே, பெரிதாக; மற்ற மொழி அதற்குக் கீழே. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது பொதுக் கணக்கு. மூடுபனிக்கும் தமிழின் சுழிகளுக்கும் சேர்த்து 1.5 அங்குலம் வைத்தோம்: 60 அடி தள்ளி ரோட்டில் வருபவருக்கு 9 அங்குலம். பச்சைப் பலகை தேயிலைச் சரிவோடு கரைந்துபோகிறது. வெள்ளைப் பலகையில் கரும்பச்சை எழுத்து பனியிலும் நின்றது.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யவில்லை. வாட்ஸ்அப் படமும் ஸ்டாம்பும் அந்த வாரமே மாறின; பைகள், இருப்புத் தீரத் தீர. போர்டை மார்ச்சில் முடித்தோம். ஏப்ரல், மே சீசனுக்குள் அது நிற்க வேண்டும்; ஜூனில் மழை பிடித்துவிட்டால் பெயின்ட் காயாது.