ஜெட் எஞ்சினைச் சுமந்த சி-119

வாளையார்ப் பக்கத்தில், சூலூர் தளத்து ஆன்டனோவ்-32 விமானங்களின் இரைச்சலைக் கேட்டு வளரும் எங்கள் பிள்ளைகள், அவற்றுக்கு முன்பு நம் விமானப்படையின் சுமைகளைத் தூக்கிய சி-119 விமானத்தையும் அறிந்திருக்க வேண்டும் என விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனம் உருவாக்கி, 1947-இல் முதன்முதலாகப் பறந்த இதன் வாலை இரண்டு நீண்ட தண்டுகள் தாங்கியதால், உடற்பகுதியின் பின்புறம் முழுவதும் சரக்கு ஏற்றுவதற்கெனத் திறந்தது. கொரியப் போரில், 1950 டிசம்பரில், தகர்க்கப்பட்ட பாலத்துக்கு மாற்றான இரும்புப் பகுதிகளைப் பாராசூட்டில் இறக்கியதும் இதுவே.

இந்தியாவுக்கு 1954-இல் வந்தது. லடாக்கின் மெல்லிய காற்றில் இரண்டு பிஸ்டன் எஞ்சின்களின் ஆற்றல் போதாததால், உடலின் மேற்புறத்தில் ஒரு ஜெட் எஞ்சினையும் பொருத்தினார்கள். என்னை மிகவும் ஈர்ப்பது இந்தத் துணிச்சலான தீர்வுதான். 1962 ஜூலையில், சுமார் 16,600 அடி உயரத்திலுள்ள தௌலத் பேக் ஓல்டி என்னும் லடாக் விமானத் தளத்தில் சி-119 தரையிறங்கியது.