கல்யாணத்துக்கு ஒத்தையில் போனவன்

டோக்கியோவில் என்னோடு வேலை பார்க்கும் பையனுக்குக் கல்யாணம். பத்திரிகை உறையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று தடவை சாப்பிட்டவன், இட்லிப் பொடியை ஸ்பூனால் அள்ளித் தின்றவன், என் மனைவி பெயரை விட்டுவிட்டான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "ஏல, பொண்டாட்டிய விட்டுட்டு ஒத்தையில போய் நின்னா என்ன நெனப்பாவ?" யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, அதுதான் வருத்தம். இங்கே ஆளுக்கொரு நாற்காலி, அதில் பெயர் எழுதிய அட்டை. தலை எண்ணித்தான் சமையல். நம்மூரில் ஒரு பத்திரிகைக்கு ஒரு வேன் ஆள் வந்து இறங்கும். பந்தியில் இலை போட்டு மாளாது.

வருகிறேனா இல்லையா என்று அஞ்சலட்டையில் பதில் வேறு போடவேண்டும். அதில் நமக்கு மரியாதையாக அச்சடித்திருக்கும் எழுத்தை நாமே கோடு போட்டு அடித்து அனுப்புவதுதான் பண்பாம். ஆறு வருடத்தில் ஜப்பான் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டைப் போடும்போது கை கொஞ்சம் நின்றது.

மனம் இளகியது மொய்யில்தான். நாம் 500-ஓடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்பது போல, இங்கே நண்பர்கள் வழக்கமாக வைப்பது 30,000 யென்: பத்தாயிரம் நோட்டு மூன்று. இரண்டாக வைத்தால் ஜோடி பிரிந்துவிடுமாம். நோட்டு சலவை நோட்டாக இருக்கவேண்டும். உறையைச் சுற்றிய கயிற்றில் அவிழ்க்க முடியாத முடிச்சு. மண்டப வாசலில் மேசை, மேசையில் பெயர் எழுத நோட்டு! யாராவது சந்தனக் கிண்ணத்தை நீட்டுவார்கள் என்று ஒரு நொடி நின்றேன்.

உள்ளே ஆண்கள் எல்லோரும் கறுப்பு கோட்டு, வெள்ளை டை. கல்யாண வீட்டில் கறுப்பா என்று ஆச்சி பார்த்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பாள். அதைவிடப் பெரிய கூத்து, முன் மேசைகளில் மேலதிகாரிகளும் நண்பர்களும்; பெற்றவர்களும் சொந்தங்களும் கடைசியில். நம்மூர்த் தாய்மாமன் ஒருவரைக் கடைசி மேசையில் உட்காரவைத்துப் பாருங்கள், தாலி ஏறுவதற்குள் பஞ்சாயத்து கூடிவிடும். எங்கள் சித்தி கல்யாணத்தில் காப்பி முதலில் யாருக்கு என்பதற்கே ஒரு மாமா ஜங்ஷன் வரை கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவரை அழைத்துவர ஒரு கார், அந்தக் காரைத் தேடி இன்னொரு கார்.

இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சாப்பாடு அருமைதான். ஆனால் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று கேட்க ஒருத்தரும் இல்லை.

கிளம்பும்போது ஒரு பை கொடுத்தார்கள். மனைவி பிரித்தாள். இரண்டு கிண்ணம், மரத்தை அறுத்தது போல வளையம் வளையமாக ஒரு கேக். அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

"தேங்காய் இல்லையா?"

மறுநாள் காலையில் நிஷி-கசாய் இந்தியக் கடைக்கு என்னை விரட்டினாள். உறைய வைத்த முருங்கைக்காய், பாசிப்பருப்பு, இஞ்சி, டின்னில் தேங்காய்ப்பால்.

"கல்யாணத்துக்கு மறுநாள்லா? சொதி வைக்க வேண்டாமா?"

வைத்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்புதான் சொதி. முதல் பால், இரண்டாம் பால் என்ற பேச்சே இல்லை, டின்னில் எல்லாம் ஒரே பால்தான். இஞ்சிப் பச்சடி மட்டும் அசல் ஊர் ருசி. சிப்ஸ் கீழே உள்ள கடையில் வாங்கியது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு டப்பா நிறையச் சொதியை எடுத்து ஃப்ரீசரில் வைத்தாள். அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் விருந்துக்கு வரும்போது கொடுக்கவாம்.

தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்றேன். கேட்கவில்லை.