பிச்சாவரத்தில் தண்ணீர் ஏறும் நேரம்

கடலூரில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தும், சிதம்பரத்தைத் தாண்டிக் கிள்ளை வழியாகச் செல்லும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிற்கு நான் முறையாகப் போய்வந்தது இரண்டாவது முயற்சியில்தான். முதல் முறை மே மாதத்தில், என் தாயாரையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் வற்றிக்கிடந்ததால் குறுகிய வாய்க்கால்களுக்குள் படகு நுழையாது என்று படகோட்டி சொல்லிவிட்டார். நிழலே இல்லாத அகன்ற நீர்ப்பரப்பில் ஒரு மணி நேரம் சுற்றியதில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகாத தவறு முழுக்க முழுக்க என்னுடையது. சுற்றிலும் இருப்பது உப்புநீர் என்பது கரையில் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

அடுத்த முறை போவதற்கு முன் சிங்காரத்தோப்பில் மீன்பிடித் தொழில் செய்யும் நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். கடல்நீர் நாளொன்றுக்குப் பொதுவாக இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் என்பதும், அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கின. ஆகவே, போன வாரம் சென்றவர் சொன்ன நேரத்தை நம்பிப் பயனில்லை. தண்ணீர் ஏறும் வேளையாகவும் வெயிலுக்கு முந்திய வேளையாகவும் அமைகிற நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொங்கல் கழிந்து அப்படியொரு காலைப் பொழுதில் போனோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

விசைப்படகு சிறிய ஓடைகளுக்குள் போகாது என்பதால் துடுப்புப் படகையே எடுத்தோம். மகனுக்குக் கொடுத்த உயிர்காப்பு உடையின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தபோது அது காது வரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் அவன் கீழே, உடை மேலே என்று ஆகியிருக்கும். சிறிய அளவாகக் கேட்டு மாற்றி, வார்களை இறுக்கிய பிறகே படகில் ஏறினோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 எக்டேரில் பரந்திருக்கும் இந்தக் காட்டில் எல்லா ஓடைகளும் ஒன்றுபோலவே தோன்றும். இருபுறமும் சுரபுன்னையின் வேர்கள் வளைந்து இறங்கியிருக்க, தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டிய இடங்களில்தான் கை தானாகக் கிளையைப் பற்றப் போகிறது. மகன் ஓர் இலையைப் பறிக்கக் கை நீட்டியதும் படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டார். "தம்பி, கையை உள்ளே எடு. அது தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம் அதுதான். தெற்றென்று அடையாளம் தெரியாதவர்கள் எந்தக் கிளையையும் ஒடிக்காமலிருப்பதே நல்லது. உதிரும் முன் அதன் இலைகள் சிவப்பது ஓரளவு அடையாளம். பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அதற்காகவே, குடிப்பதற்கு வைத்திருந்ததைத் தவிர இன்னொரு போத்தல் தண்ணீரையும் எடுத்துப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

ஒரு திருப்பத்தில் இருளர்கள் சிலர் மார்பளவு நீரில் நின்று, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அவங்க நிக்கிறாங்களே, நானும் இறங்கட்டுமா ஆயா?" என்று மகன் கேட்டான். அவர்களுக்கு அந்தச் சேற்றின் ஒவ்வோர் அடியும் தெரியும். நமக்கோ கால் புதையும், அல்லது வெண்கண்டல் மரத்தின், சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் ஈட்டிபோன்ற மூச்சுவேர் உள்ளங்காலைக் கிழிக்கும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் அம்மா வழுக்கியது கரையில்தான். பாசி படிந்த கடைசிப் படியில் தேய்ந்த செருப்போடு கால் வைத்தார். படகோட்டி முழங்கையைப் பிடித்திருந்ததால் முட்டியில் ஒரு சிராய்ப்போடு போயிற்று.